காப்பிரி என்றொரு சொல்லும் காணாமற்போன பெயர்களும்

மாத்தளையின் வரலாற்றை எழுத வருவோர் எவரும் 1848ஆம் ஆண்டைத் தவிர்த்துவிட்டுச் செல்வதில்லை. அவ்வாண்டு ஜூலை மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டதும், கிளர்ச்சியாளர் மாத்தளைக்குள் புகுந்ததும், ஆகஸ்ட் 8இல் புரன் அப்பு கண்டி போகம்பரையில் சுட்டுக் கொல்லப்பட்டதும் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆனால் அந்தக் கிளர்ச்சியை அடக்கக் கண்டியிலிருந்து அனுப்பப்பட்ட படையில் இருந்தவர்கள் யார் என்று நமது நூல்கள் அதிகம் பேசுவதில்லை. 'ஆங்கிலேயப் படை' என்ற இரு சொற்களோடு அந்த விடயம் முடிந்துவிடுகிறது.

அந்நாளில் இலங்கையில் ஆங்கிலேயர் வைத்திருந்த உள்ளூர்ப் படைக்கு இலங்கை றைபிள் படை என்று பெயர். அதன் அதிகாரிகள் ஆங்கிலேயர். சிப்பாய்களிற் பெரும்பாலோர் மலாயர். அவர்களோடு இந்தியச் சிப்பாய்களும், 'காப்பிரிகள்' என்று பதிவேடுகளில் எழுதப்பட்ட ஆபிரிக்கர்களும் இருந்தனர். அந்த மலாயர்களின் வரலாறு இன்று ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. இந்தியரைப் பற்றியும் எழுதப்பட்டிருக்கிறது. ஆபிரிக்கரைப் பற்றி நம்மிடம் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அந்த ஒரு சொல் மட்டுமே. அச்சொல்லை நீக்கிவிட்டு அதற்குப் பின்னால் நின்ற மனிதர்களைத் தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆபிரிக்கர் இத்தீவுக்கு ஆங்கிலேயரோடு வந்தவர்கள் அல்லர். 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, கொழும்பில் ஜாலஸ்தி என்ற கடற்தலைவனிடம் ஏறத்தாழ 500 ஹபஷிகள் இருந்ததாகக் குறித்துள்ளார். ஹபஷிகள் என்போர் அபிசீனியர். போர்த்துக்கேயர் 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் தமது படைகளில் ஆபிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்தனர். கண்டியில் இருபது வருடங்கள் வரை சிறைப்பட்டிருந்த றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், இரண்டாம் இராஜசிங்க மன்னனின் படுக்கையறைக்கு மிக அண்மையில் காவலிருந்தவர்கள் ஆபிரிக்கர் என்றும், மன்னன் தன் சொந்த மக்களிலும் அவர்களை அதிகம் நம்பினான் என்றும் எழுதுகிறார். ஒல்லாந்தர் காலத்தில் கொழும்புக் கோட்டைக்கு வெளியே அடிமைகள் அடைக்கப்பட்ட இடம் ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்ற பெயரைச் சுமந்தது. நாம் அதைக் கொம்பனித்தெரு என்கிறோம்.

ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றிய பின்னர் படைக்கு ஆள் தேடினார்கள். கோவாவிலும் மொசாம்பிக்கிலும் இருந்த போர்த்துக்கேயரிடமிருந்து ஆபிரிக்கரை விலைக்கு வாங்கினார்கள். அடிமை வியாபாரத்தை 1807இல் சட்டத்தால் தடைசெய்த அதே அரசுதான், விலைக்கு வாங்கிய மனிதனுக்குச் சீருடை அணிவித்துச் சிப்பாய் என்று அழைத்தது. 1803ஆம் ஆண்டின் கண்டிப் போரில் மாத்தளையில் மக்டோவல் கோட்டை எழுந்தது. அந்தப் போரில் தோற்ற ஆங்கிலேயர் அதன் பின்னரே உள்ளூர்ப் படைகளை மேலும் பெருக்கிக்கொண்டனர்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். 'காபிர்' என்பது நாம் மத்ரஸாவில் முதற் சில வருடங்களிலேயே கேட்டுப் பழகிய அரபுச் சொல். இந்து சமுத்திரத்தில் வியாபாரம் செய்த முஸ்லிம்கள், இஸ்லாத்தை ஏற்காத கிழக்காபிரிக்க உள்நாட்டு மக்களை அச்சொல்லால் குறித்தனர். அவர்களிடமிருந்து போர்த்துக்கேயர் அதைக் கேட்டு 'கஃப்ரே' ஆக்கினர். அவர்கள் வாயிலிருந்து அது ஒல்லாந்தருக்கும் ஆங்கிலேயருக்கும் போய், சிங்களத்திலும் தமிழிலும் 'காப்பிரி' என்று இறங்கியது. பயணத்தின் நடுவில் சமயப் பொருள் உதிர்ந்துபோய், கறுத்த தோலும் சுருட்டை முடியும் மட்டுமே அதன் பொருளாகிவிட்டன. ஆகவேதான் ஞானஸ்நானம் பெற்றுக் கத்தோலிக்கராக வாழ்ந்த மக்களுக்கும் அப்பெயரே நிலைத்தது.

அடிமை வியாபாரத்தைப் பற்றி எழுதும்போது நாம் வழக்கமாக ஐரோப்பியரைக் குற்றம் சாட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அது நேர்மையாகாது. மொசாம்பிக் கரையின் அங்கோச்சே சுல்தானகம் 19ஆம் நூற்றாண்டில் அடிமை ஏற்றுமதியால் செழித்தது. உள்நாட்டிலிருந்து மனிதர்களைக் கட்டி இழுத்து வந்தவர்களிலும், கரையில் நின்று வாங்கியவர்களிலும் முஸ்லிம்கள் இருந்தனர். பிலால் (ரழி) அவர்களின் பாங்கோசையைப் பற்றி மனமுருகிப் பேசும் நாம், நமது மொழியிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் பிலாலின் கண்டத்து மக்களுக்கு என்ன செய்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் கப்பலில் ஏற்றப்படுமுன் அவர்களுக்கு என்ன பெயர்கள் இருந்தன?

மொசாம்பிக் என்ற நாட்டின் பெயரே ஒரு முஸ்லிமின் பெயரிலிருந்து வந்தது. 1498இல் வாஸ்கோ ட காமா அந்தச் சிறு தீவில் இறங்கியபோது அங்கு அதிகாரம் செலுத்தியவர் மூஸா பின் பிக் என்று சொல்லப்படுகிறது. அத்தீவையும் பின்னர் முழு நாட்டையும் போர்த்துக்கேயர் அவர் பெயராலேயே அழைத்தனர். தீவுக்கு எதிரே உள்ள பெருநிலம் மக்குவா மக்களின் நாடு. இன்று மொசாம்பிக்கின் மிகப் பெரிய இனக்குழு அவர்களே. 2017ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ நாலில் ஒருவரின் தாய்மொழி எமக்குவா. அவர்களுக்கு உறவான லொம்வே மக்கள் அடுத்து வாழ்கின்றனர். மலாவி ஏரியை அண்டி வாழ்பவர்கள் யாவோ. இவர்கள் பழைய வணிகர்கள், 19ஆம் நூற்றாண்டில் பெருந்தொகையாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள். வடகோடியில் தன்சானிய எல்லையோடு ஒட்டிய பீடபூமியில் மக்கொண்டே மக்கள். கருங்காலி மரத்தில் அவர்கள் செதுக்கும் சிற்பங்களும், 'மப்பிக்கோ' என்னும் முகமூடி ஆட்டமும் உலகறிந்தவை. அவர்களுக்குக் கீழே கரையோரத்தில் சுவாஹிலியோடு நெருங்கிய மொழி பேசும் முவானி முஸ்லிம்கள். சாம்பேசி ஆற்றின் இரு மருங்கிலும் சேனா மக்கள். தெற்கே டாவ், அதற்கும் தெற்கே சோங்கா, 'திம்பிலா' என்ற மரக்கட்டை இசைக்கருவியால் புகழ்பெற்ற சோப்பி. இவர்கள் அத்தனை பேரையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது, தமிழரையும் வங்காளியையும் பலூச்சியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெயர் சூட்டுவதற்குச் சமம்.

சாம்பேசி ஆறு நாட்டை ஊடறுத்து ஓடுவதைப் போலவே அதன் சமூக அமைப்பையும் இரண்டாகப் பிரிக்கிறது. தெற்கே தந்தைவழி. வடக்கே மக்குவா, யாவோ, மக்கொண்டே மக்களிடம் தாய்வழி. மக்குவா பிள்ளை தன் குலப்பெயரைத் தாயிடமிருந்து பெறுகிறது. அதை 'நிஹிமோ' என்கின்றனர். ஒரே நிஹிமோவுக்குள் திருமணம் செய்வதில்லை. கரையோர மக்குவாவினர் முஸ்லிம்களான பின்னரும் இவ்வழக்கம் அழியவில்லை. அக்கரைப்பற்றிலோ காத்தான்குடியிலோ பிறந்த ஒருவருக்கு இதில் வியப்பேதும் இராது. நமது கிழக்கு மாகாண முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாகவே வருகிறது. பள்ளிவாசல் மரைக்காயர் தெரிவிலும் குடிமுறை இருந்து வந்தது. ஷரீஅத்தும் தாய்வழிக் குடியும் ஒரே ஊரில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இந்து சமுத்திரத்தின் இரு கரைகளும் சாட்சி.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. மொசாம்பிக் தீவுக்கு ஷாதுலிய்யா தரீக்கா 1897இலும், காதிரிய்யா தரீக்கா 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலும் வந்து சேர்ந்தன. இவ்விரண்டும் நமக்குப் புதியவையா? அங்கு மக்குவாப் பெண்கள் தஹராவின் தாளத்துக்குப் பாடி ஆடும் 'துஃபோ', நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் புகழ்ந்து பாடும் மௌலிது மரபிலிருந்து கிளைத்தது. விழா நாட்களில் அப்பெண்கள் ஒரு மரக்கட்டையைக் கல்லில் உரைத்தெடுத்த வெண்குழம்பை முகத்தில் பூசிக்கொள்வர். நமது வீடுகளில் சந்தனம் உரைத்த கிழவிகளை நினைத்தால் அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

ஐரோப்பிய ஆட்சி இம்மக்களை வேறு விதமாகவும் பிரித்தது. 1961 வரை போர்த்துக்கேயச் சட்டம் ஆபிரிக்கர்களைச் 'சுதேசிகள்' என்றும், போர்த்துக்கேய மொழியும் வாழ்முறையும் கற்றுத் தேறிய மிகச் சிறுபான்மையினரை 'உள்வாங்கப்பட்டவர்கள்' என்றும் வகைப்படுத்தி உரிமைகளை அளந்தது. 1962இல் தோன்றிய ஃபிரெலிமோ இயக்கம் இன வேறுபாடுகளை விட்டு ஒரே மொசாம்பிக்கராக நிற்குமாறு மக்களைக் கேட்டது. 1975 ஜூன் 25இல் சுதந்திரம் கிடைத்தது. 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. 2017 ஒக்டோபரில் வடக்கே காபோ டெல்காடோவில் தொடங்கிய ஆயுத வன்முறையால் பல ஆயிரம் பேர் இறந்தனர், பல இலட்சம் பேர் ஊரை விட்டு ஓடினர். முவானி என்றும் மக்கொண்டே என்றும் மக்குவா என்றும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை அங்கும் வந்தது. இனப்பெயர் ஒரு மனிதனுக்கு வீடாகவும் இருக்கும், அவன் கழுத்தில் கயிறாகவும் மாறும் என்பதை 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடிமைக் கப்பல்களுக்குத் திரும்புவோம். மொசாம்பிக் தீவின் துறைமுகத்திலிருந்து ஏற்றப்பட்டவர்களிற் பெரும்பகுதியினர் மக்குவா நாட்டிலிருந்தும், யாவோ வணிகர்களின் பாதைகள் சென்ற உள்நாட்டிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். மொரீசியஸ், ரீயூனியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிரேசிலுக்கும் அவர்கள் விற்கப்பட்டனர். போர்த்துக்கல் 1836இல் அடிமை ஏற்றுமதியைத் தடைசெய்த பின்னரும் களவாக அது பல தசாப்தங்கள் தொடர்ந்தது. அந்த வியாபாரத்தின் ஒரு சிறு கிளையே இலங்கைக்கு வந்தது.

இங்கு 1873ஆம் ஆண்டைக் கவனிக்க வேண்டும். அவ்வாண்டில் இரு கரைகளில் இரு நிகழ்வுகள் நடந்தன.

ஒன்று தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில். களவாக அடிமைகளை ஏற்றிச் சென்ற படகுகளை மறித்து ஆங்கிலேயக் கடற்படை மீட்டெடுத்த சில நூறு ஆபிரிக்கர் 1873 முதல் 1880 வரை சன்சிபாரிலிருந்து டர்பனுக்குக் கொண்டுவரப்பட்டு நேட்டாலில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். பெரும்பாலோர் மக்குவா முஸ்லிம்கள். ஊரார் அவர்களைச் 'சன்சிபாரிகள்' என்றனர். டர்பன் கிரே வீதி ஜும்ஆப் பள்ளிவாசலின் இந்திய முஸ்லிம் பொறுப்பாளர்கள் புளஃப் பகுதியில் கிங்ஸ் றெஸ்ட் என்ற இடத்தில் அவர்களுக்காக நிலம் வாங்கிக் கொடுத்தனர். அங்கு பள்ளிவாசலும் மத்ரஸாவும் அமைந்தன. வீட்டில் எமக்குவா பேசினார்கள். பின்னர் நிறவெறி அரசு 1950ஆம் ஆண்டின் குடிப்பதிவுச் சட்டத்தின் கீழ் மனிதர்களைத் தரம் பிரித்தபோது, இந்தக் கறுப்பு ஆபிரிக்கர்களை எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாமல் தடுமாறி, ஈற்றில் 'ஏனைய ஆசியர்' என்று பதிந்தது. 1960களின் தொடக்கத்தில் நிலத்தை விட்டு அகற்றி, இந்தியருக்கென அமைத்த சற்ஸ்வேர்த் குடியிருப்பில் அவர்களைக் குடியேற்றினார்கள். அங்கு அவர்களது அயலவர்களில் தமிழரும் இருந்தனர். ஆபிரிக்க மண்ணிலேயே ஆபிரிக்கரை ஆசியராக்கிய இந்தப் பதிவு, அரசாங்கம் வைக்கும் இனப்பெயருக்கும் உண்மைக்கும் உள்ள தூரத்தைக் காட்டப் போதுமானது. ஆனால் அரசு என்ன எழுதினாலும் அவர்கள் தம்மை மக்குவா என்று அறிந்திருந்தார்கள்.

மற்றையது நமது நாட்டில். 1873இல் இலங்கை றைபிள் படை முற்றாகக் கலைக்கப்பட்டது. புத்தளத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஆபிரிக்கச் சிப்பாய்களின் அணி அதற்குச் சில வருடங்கள் முன்னரே கலைக்கப்பட்டிருந்தது. அவர்களது சந்ததியினர் புத்தளத்துக்கு அண்மையில் சிரம்பியடியிலும் வேறு சில இடங்களிலும் இன்றும் வாழ்கின்றனர். சமயத்தால் கத்தோலிக்கர். முன்பு பேசியது போர்த்துக்கேயக் கிரியோல், இன்று பேசுவது சிங்களம். 'மஞ்ஞா' என்ற பாடல்கள் மட்டும் பழைய கிரியோல் மொழியில் இன்னமும் பாடப்படுகின்றன. மத்தளத்தோடு சிரட்டையும் போத்தலும் கரண்டியும் தாளமாகின்றன. மெதுவாகத் தொடங்கும் பாட்டு வேகமெடுத்து எல்லோரையும் ஆடவைத்துவிடும். பாடும் இளையோரிற் பலர் சொற்களின் பொருளை முழுமையாக அறியாமலே பாடுகின்றனர். மக்குவா என்றோ சேனா என்றோ யாவோ என்றோ சொல்ல அவர்களிடம் பெயர் எஞ்சவில்லை.

ஒரே கரையிலிருந்து புறப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் பெயரைக் காத்துக்கொண்டனர். மற்றவர்கள் இழந்தனர். ஏன்?

விடைக்கு அதே படையின் மலாயரைப் பார்க்கலாம். மலாயர் என்ற பெயரும் வெளியார் வைத்த பெயர்தான். ஒல்லாந்தர் கொண்டுவந்தவர்களில் ஜாவர், மதுரர், புகிஸ், அம்போனியர், பண்டாத் தீவினர் எனப் பலர் இருந்தனர். ஆனால் அவர்களுக்கு மலாய் என்ற பொதுமொழி முன்பே இருந்தது. குடும்பங்களோடு படைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். பள்ளிவாசல் இருந்தது, ஓத இடம் இருந்தது, அரபு எழுத்தில் மலாயை எழுதத் தெரிந்திருந்தது. 1869இல் பாபா யூனுஸ் சல்டின் கொழும்பில் 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையை வெளியிட்டார். ஆபிரிக்கச் சிப்பாயோ தனியாளாக வாங்கப்பட்டவன். பக்கத்தில் நின்றவன் வேறு மொழி பேசினான். இருவருக்கும் பொதுவாக இருந்தது எசமானின் போர்த்துக்கேயம் மட்டுமே. மலாயனிடமும் டர்பன் மக்குவாவிடமும் இருந்த மூன்று இவனிடம் இல்லை: சேர்ந்திருக்க நிலம், கூடுவதற்குத் தனக்கென ஓர் இடம், எழுதிவைக்க ஒரு கை. இரத்தம் தானாக எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நிறுவனமும் எழுத்துமே ஒரு மக்களின் பெயரைத் தலைமுறை தாண்டிக் கடத்துகின்றன.

நமது சொந்தக் கதையும் இதையே சொல்கிறது. 'மூர்' என்பது போர்த்துக்கேயர் தமது நாட்டில் சண்டையிட்ட வடஆபிரிக்க முஸ்லிம்களின் பெயரை இங்கு கொண்டுவந்து நம்மீது ஒட்டியது. பொன்னம்பலம் இராமநாதன் 1880களில் சட்டசபையிலும், பின்னர் 1888இல் அச்சிலும், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். யார் சொன்னது சரி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் கவனத்துக்குரியது வேறொன்று. நம்மைப் பற்றி ஒருவர் எழுதியபோது மறுத்து எழுத நம்மிடம் ஒருவர் இருந்தார், அச்சகம் இருந்தது, வாசிக்க ஒரு சமூகம் இருந்தது. 1889இல் சட்டசபையில் சோனகருக்கு ஓர் ஆசனமும் கிடைத்தது. சிரம்பியடி மக்களைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதியதை எதிர்த்து எழுத அவர்களிடம் எவரும் இருக்கவில்லை. குடிசன மதிப்பீட்டில் இன்று அவர்களுக்குத் தனி நிரல் இல்லை. 'ஏனையோர்' என்பதற்குள் அவர்கள் கரைந்துவிட்டார்கள். டர்பனில் 'ஏனைய ஆசியர்', இங்கு 'ஏனையோர்'.

பாடசாலையில் வரலாறு படிப்பிக்கும் ஒருவனாக இதில் நமக்குள்ள பொறுப்பைச் சொல்லாமல் விட முடியவில்லை. உக்குவளையிலோ றத்தோட்டையிலோ கலேவெலயிலோ கறுத்த, சுருட்டை முடியுள்ள பிள்ளையை வகுப்பில் மற்றப் பிள்ளைகள் 'காப்பிரி' என்று கேலி செய்வது புதிதல்ல. வீட்டில் பெரியவர்கள் செல்லமாகவும் சொல்கிறார்கள். தென்னாபிரிக்காவில் அந்தச் சொல்லை ஒருவரைப் பார்த்து ஏசியதற்காக 2018இல் ஒரு பெண்ணுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நமக்குச் சட்டம் தேவையில்லை, அறிவு போதும். அதேவேளை புத்தளத்து மக்களிற் சிலர் அப்பெயரையே தமது பெயராக ஏற்று, அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்கின்றனர். தம்மை என்ன பெயரால் அழைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்குரியது. அதை ஏச்சாகப் பயன்படுத்தும் உரிமை நமக்கில்லை.

எழுதுவோர் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. புத்தளம் நமக்குத் தூரதேசமல்ல. மாத்தளையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் பகலுக்குள் போய்ச் சேரலாம். முஸ்லிம் எழுத்தாளரும் வாசகரும் நிறைந்த ஊர் அது. அயலில் வாழும் இம்மக்களின் மஞ்ஞாப் பாடல்களையும், வயோதிபர் நினைவில் எஞ்சியிருக்கும் குடும்பக் கதைகளையும், அவர்களது சம்மதத்தோடு தமிழில் பதிவுசெய்ய நம்மில் எவரும் முன்வரலாம். பெயர் அழிந்தவர்களுக்குப் பழைய பெயரை நம்மால் மீட்டுக் கொடுக்க இயலாது. ஆனால் 1848ஐப் பற்றி அடுத்த முறை எழுதும்போது, 'ஆங்கிலேயப் படை' என்று எழுதிவிட்டு நகராமல், அந்த வரிசையில் மொசாம்பிக் கரையிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டு வந்த மனிதர்களும் நின்றார்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம். அவர்களுக்கும் தாய் கொடுத்த குலப்பெயர் ஒன்று இருந்தது என்பதை நமது பிள்ளைகள் அந்த வரியிலிருந்து அறிந்துகொள்வார்கள்.